பிடியரிசியும் பெருந்தருமமும்

ஒரே வாய்க்காலை நம்பிய கண்மாய், அவ்வாய்க்கால் வறண்ட ஆண்டில் தானும் வறண்டுபோம் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கூடலூர்ப் பக்கம் முதல் பழனிசெட்டிபட்டி வரை பரந்து கிடக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம், 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கு நோக்கித் திரும்பிய பின்னரே இன்றுள்ள செழிப்பை எய்திற்று. ஆயினும் அணையில் நீர் தாழ்ந்த ஆண்டுகளில் முதற்போகத்திற்கு நீர் திறக்கும் நாள் தள்ளிப்போவதையும், நாற்றங்கால் காத்துக் கிடப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். நீருக்குரிய இந்நியாயம் தருமத்திற்கும் ஒக்கும்.

நம் போன்ற சங்கங்களின் வரவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்காமற் போகாது. ஏழைப் பிள்ளைகட்கு உபகாரச் சம்பளம், மாணவர் விடுதி, மருத்துவ உதவி முதலிய நற்காரியங்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் பெருந்தொகை ஈபவர் ஒரு சிலரே. அவர்கள் பெயரே முதற்பக்கத்திலும் காணப்படும். கடைசிப் பக்கத்திலும் காணப்படும். அவருள் ஒருவர் காலமானாலும், வியாபாரத்தில் நஷ்டமுற்றாலும், அவர்தம் மக்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்தோ குடிபெயர்ந்தாலும், மறு ஆண்டில் எங்கோ ஒரு பிள்ளையின் படிப்பு இடையில் நின்றுபோகின்றது. நீங்கிய பெயருக்கு ஈடாகப் புதுப் பெயர் ஏறுவதில்லை. புதியவர் வருவதில்லை என்பதினும், நாம் அவர்களை அழைப்பதில்லை என்பதே பொருந்தும்.

ஆதலின், புதிய கொடையாளரை எங்ஙனம் கண்டடைவது என்னும் வினா, சங்க அங்கத்தினர் யாவரும் சிந்திக்கற்பாலது. பணம் படைத்தோர் யாவர் என்று தேடித் திரிவதுதான் வழியா? அன்றி வேறு வழி உண்டா? இதற்கு விடை நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இருக்கின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அரசர் கொடை

நம் பள்ளத்தாக்கின் பழங்கொடைகளுள் புகழ்பெற்றது சின்னமனூர்ச் செப்பேடுகளிற் காண்பதாம். அவற்றுட் பெரியது, பாண்டியன் இராசசிம்மன் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளித்த கொடையைக் கூறுவது. வடமொழியும் தமிழும் விரவி அமைந்தது. மதுரையிற் சங்கம் இருத்தியதும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதுமாகிய தன் முன்னோர் பெருமைகளை எடுத்தோதி, அதன் பின் ஓர் ஊரையே தானமாக வழங்கிய செய்தியை அது உரைக்கின்றது. ஒருவரே கொடுத்தார், ஊரளவு கொடுத்தார், செம்பில் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் அவ்வேந்தன் கதி யாதாயிற்று? முதற் பராந்தக சோழனிடம் தோல்வியுற்று, நாட்டை விட்டு இலங்கைக்குச் சென்றான். அங்கும் நிலைக்க இயலாது தன் தாய் பிறந்த சேர நாட்டை அடைந்தான். செப்பேடு பிழைத்தது, கொடுத்த கை பிழைக்கவில்லை. ஒருவரையே நம்பிய தருமம், அவருடைய தலைவிதியைத் தானும் பங்கிட்டுக் கொள்ள நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் ஊர்ப்பக்கத்தில் வேறில்லை. நம் சங்கப் புரவலரை அரசரோடு ஒப்பிடுவது மிகையாகலாம், நியாயம் ஒன்றே.

மூட்டைக்கு ஒரு பங்கு

அரசர் கொடைக்கு வேறான ஒரு முறையை நம் நாட்டு வணிகர் நெடுங்காலத்திற்கு முன்னரே கண்டுபிடித்தனர். சிவகங்கைச் சீமையிலுள்ள பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரு கல்வெட்டு உளது. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, தாம் வாங்கி விற்கும் பண்டங்களின்மேல் ஒரு சிறு தொகையைக் கோயிலுக்கென விதித்துக்கொண்ட செய்தியை அது கூறுகின்றது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, பருத்தி எனப் பண்டங்களின் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. இன்ன செல்வர் இவ்வளவு கொடுத்தார் என்பதன்று அதன் பேச்சு. இன்ன பண்டம் நகருந்தோறும் இவ்வளவு என்பதே. வண்டி நகரும் வரை தருமமும் நகரும். ஒரு வணிகர் மறைந்தாலும் மற்றொருவருடைய மூட்டை அவ்வழியே செல்லும்.

இம்முறையே பிற்காலத்தில் மகிமை என்னும் பெயரால் தென்னாட்டு வணிக சமூகத்தாரிடை நிலைத்தது. குறிப்பாக நாடார் சமூகத்தார் 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்து, உறவின்முறை என்னும் ஊர்ச்சபையை வகுத்து, வியாபாரத்தில் ஒரு பங்கை மகிமையாகத் திரட்டினர். அத்தொகையிலிருந்து கோயிலும், கிணறும், சத்திரமும், பின்னர்ப் பாடசாலைகளும் எழுந்தன. அம்மரபு நம் பள்ளத்தாக்கின் வாயிலுக்கும் வந்தது. சந்தையாலும், 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இட்ட இருப்புப்பாதையாலும் வளர்ந்த தேனி நகரில், மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறையார் நடத்தும் நாடார் சரஸ்வதி பள்ளிகளையும் கல்லூரியையும் நாம் அனைவரும் அறிவோம். பிற சமூகத்தாரிடத்து நல்ல முறையொன்று காணப்படுமாயின் அதனைக் கற்றுக்கொள்ளுதல் நமக்கு இழுக்கன்று, கல்லாமையே இழுக்கு.

எனினும் மகிமைக்கு இரண்டு குறைகள் உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. ஒன்று, அது வியாபாரிகளிடமிருந்து மட்டுமே வருவது. கூலியாளும், கைம்பெண்ணும், சிறு சம்பளக்காரரும் அதன் ஏட்டில் இடம் பெறார். மற்றொன்று, அது பல இடங்களில் விருப்பத்தால் மட்டும் ஈந்ததன்று. கட்ட மறுத்தோர்க்கு அபராதம் விதிப்பதும், ஊர்க்காரியங்களினின்று ஒதுக்குவதும் முற்காலத்து ஊர்ச்சபைகளில் வழக்கமாயிருந்தன. அச்சத்தால் கொடுத்தது வரியாகும், தருமமாகாது. அச்சம் நீங்கிய தலைமுறையில் அவ்வரவும் குறைந்து போதல் இயல்பே.

அடுக்களையிற் பிறந்த பாடசாலை

மகிமையின் இக்குறையை நிறைத்தது பிடியரிசி. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில், சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை ஊரார் நிறுவினர். அதனை நடத்தும் பொருட்டு அவர்கள் கைக்கொண்ட முறை மிக எளியது. வீட்டுத் தலைவி உலைக்கு அரிசி அளந்து போடும்போது, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடவேண்டும். சேர்ந்த அரிசியைக் குறித்த நாளில் வீடுதோறும் சென்று திரட்டி, விற்று, அப்பணத்தைப் பள்ளிக்கு ஆக்குவர். இவ்வளவே.

இதில் எத்துணை ஆழ்ந்த அறிவு அடங்கியிருக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஒரு பிடி 50 கிராம் எனக் கொள்வோம். 500 வீடுகளில் ஒரு நாளைக்குச் சேர்வது 25 கிலோ. அதாவது ஒரு மூட்டை. ஆண்டொன்றுக்கு 365 மூட்டைகள். எந்த வீட்டிலும் ஒருவர்க்கும் ஒரு கவளம் குறைந்ததாகத் தோன்றாது; ஆயினும் ஒரு பள்ளி நடக்கும்.

தொகையினும் பெரியது வேறொன்று உண்டு. அந்நாளில் வீட்டுப் பெட்டியின் திறவுகோல் ஆடவர் கையில் இருந்தது. ஆனால் அரிசிப் பானையின் அகப்பை பெண்டிர் கையில் இருந்தது. சங்கப் பத்திரங்களிற் கையொப்பமிடாத, கூட்டங்களில் இருக்கை பெறாத மாதரசிகளைப் பிடியரிசி ஒரே நாளிற் கொடையாளர் ஆக்கிற்று. அதுவரை தருமத்தின் கணக்கில் ஏறாதிருந்த பாதி ஊர், அன்று முதல் அதில் ஏறிற்று. புதிய கொடையாளரைத் தேடி அயலூர் செல்லவில்லை; தத்தம் அடுக்களையிலேயே கண்டனர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆண்டுக்கொரு முறை பெருந்தொகை ஈபவர் ஆண்டுக்கொரு முறையே அத்தருமத்தை நினைப்பர். நாள்தோறும் ஒரு பிடி இடுபவளோ நாள்தோறும் அப்பள்ளியை நினைப்பாள். அது தன் பள்ளி என எண்ணுவாள். அங்கே பாடம் ஒழுங்காய் நடக்கின்றதா என்று கேட்கவும் உரிமை பெறுவாள். கொடுத்தவர் பலராயின் கேட்பவரும் பலராவர். கேட்பவர் பலராயின் நிர்வாகம் நேராக நிற்கும்.

அப்பள்ளி தம் குலத்துப் பிள்ளைகட்கு மட்டும் என்று கதவடைக்கவில்லை. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அங்குப் பயின்றனர். அவ்விடத்தே கல்வி பயின்ற சிறுவர்களுள் ஒருவர், 1903ஆம் ஆண்டில் பிறந்த பெருந்தலைவர் காமராசர். ஊர்ப் பெண்டிரின் பிடியரிசி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இஃது ஒன்றே போதிய விடை.

கைக்குக் கை நீண்ட தருமம்

சிறுகொடையின் வலிமையைத் தேசத் தலைவர்களும் அறிந்திருந்தனர். 1921ஆம் ஆண்டில் திலகர் சுயராச்சிய நிதிக்கு 1 கோடி ரூபாய் திரட்டக் காங்கிரசு முடிவு செய்தபோது, செல்வரிடம் பெற்றதோடு தெருத்தெருவாகவும் சென்று திரட்டினர்; குறித்த தொகையும் சேர்ந்தது. காந்தியடிகள் 1933, 1934ஆம் ஆண்டுகளில் அரிசன நிதிக்கெனத் தேசமெங்கும் சுற்றியபோது, தமது கையொப்பத்திற்கு 5 ரூபாய் பெற்றார். தமக்களித்த பரிசுப் பொருள்களைக் கூட்டத்திலேயே ஏலம் விட்டார். பெண்டிர் கழற்றித் தந்த வளையல்களை ஏற்றார். கேட்பதற்கு அவர் நாணவில்லை. நாணாமைக்குக் காரணம், அவர் தமக்கெனக் கேட்கவில்லை என்பதே.

பிடியரிசிப் பள்ளியில் பயின்றவர் 1954 முதல் 1963 வரை இம்மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்தார். 1956ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு தொடங்கியபோது, முதலில் ஊராரின் உதவியைக் கொண்டே அது நடைபெற்றது. பின்னர் அரசாங்கம் பெரும்பங்கை ஏற்றபோதும், எஞ்சிய பங்கை ஊரார் ஈந்தனர். 1958ஆம் ஆண்டு முதல் கல்வித்துறைத் தலைவர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே முறை காணப்பட்டது. ஊர்ப் பள்ளிக்கு வேண்டுவன யாவை என்று முதலிற் பட்டியல் எழுதினர். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகட்குச் சீருடை எனப் பொருள் பொருளாகக் குறித்தனர். அதன் பின் ஊராரை அழைத்து, யாவர் எதனை ஏற்பீர் என்றனர். பணம் தாரும் என்று கேட்டால் பையைத் தடவுபவர், உம் ஊர்ப் பிள்ளை உட்காரப் பெஞ்சு இல்லை என்றால் தச்சனைத் தேடிப் போவார். கேட்கும் முறையே கொடுக்கும் மனத்தைத் திறக்கின்றது.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டாலர் வேண்டியிருந்தது. மருத்துவர்கள் ஜானகிராமன், திருஞானசம்பந்தம் இருவரும் ஆளுக்கு 5 இலட்சம் டாலர் முதலில் ஈந்தனர். எஞ்சிய தொகையில் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாயாக அளித்தது. உலகெங்கும் உள்ள தமிழர் பல்லாயிரவர் தம்மால் இயன்றதைச் சேர்த்தனர். 2018ஆம் ஆண்டில் தொகை நிறைவெய்தியது. பெருங்கொடையாளர் வழி திறந்தனர். சிறுகொடையாளர் அவ்வழியை நிறைத்தனர். இரண்டும் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம். பெரியோர் கொடையை நாம் குறை கூறவில்லை. அதனை மட்டும் நம்பி உறங்குவதையே குறை கூறுகின்றோம்.

நம் பள்ளத்தாக்கின் மொய்

இனி, நம் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். கலியாணமோ காதணி விழாவோ நடைபெறும் எந்தப் பந்தலிலும், வாயிலருகே ஒரு மேசை, அதன்மேல் ஒரு மொய் நோட்டு, அருகே கணக்கறிந்த ஒருவர் இருப்பதைக் காண்கின்றோம். செய்முறை செய்பவர் ஊர், தந்தை பெயர், தம் பெயர், தொகை என்று முறையாகச் சொல்ல, அது உடனே எழுதப்படுகின்றது. பல இடங்களில் யாவரும் கேட்க வாசிக்கவும் படுகின்றது. அந்நோட்டு பல்லாண்டு காலம் பெட்டியிற் காக்கப்படுகின்றது. கூலி வேலை செய்பவரும், அதிகாலையில் ஜீப்பேறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று வருபவரும் இவ்வேட்டில் இடம்பெறத் தவறுவதில்லை. கொடுக்க மனமில்லாத ஜனங்கள் நம் பள்ளத்தாக்கில் இல்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

அப்படியாயின் அதே மனிதர் சங்க நிதிக்கு மட்டும் கொடாமைக்குக் காரணம் யாது? மொய்க்கு அவரை வெற்றிலை பாக்கு வைத்து, வாசற்படி ஏறி, பெரியப்பா வாருங்கள், மதினி வாருங்கள் என்று உறவு சொல்லி அழைக்கின்றோம். சங்க நிதிக்கோ ஓர் அச்சிட்ட துண்டுத் தாளை அனுப்பிவிட்டு அமர்ந்திருக்கின்றோம். மொய்யில் 101 ரூபாய்க்கும் ஒரு வரி உண்டு. 10,001 ரூபாய்க்கும் ஒரு வரியே உண்டு. சங்கத்திலோ ஆயிரக்கணக்கில் ஈந்தோர் பெயர் பளிங்கிற் பொறிக்கப்படுகின்றது. பத்து ரூபாய் ஈந்தவர் பெயர் இதரர் என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றது. இதரர் என்று அழைக்கப்பட்டவர் மறு ஆண்டும் வருவாரோ?

மொய் திரும்பி வருவது. தருமம் திரும்பி வருவதன்று எனச் சிலர் கூறுவர். உண்மையே. மொய் ஒருவகைக் கடன் என்பதை நாமும் அறிவோம். ஆயினும், தருமமும் கொடுத்தவர் கண்ணுக்குப் புலப்படும் வண்ணம் திரும்பி வரலாகும். உதவி பெற்ற பிள்ளை தேறிய செய்தி, ஈந்தவர் வீட்டுக்கு ஓர் கடிதமாக வருமாயின், அதுவே அவர்க்குரிய திரும்பு மொய்.

இரண்டு ஆட்சேபங்கள்

பத்தும் இருபதுமாகத் திரட்டுவது வீண் உழைப்பு, ஒரு சீமானைப் பிடித்தால் ஒரே நாளில் முடியும் என்பது முதல் ஆட்சேபம். மாதம் 10 ரூபாய் வீதம் 1,000 வீடுகள் ஈயுமாயின் ஆண்டொன்றுக்கு 1,20,000 ரூபாய் ஆகும். அவ்வாயிரத்தில் 50 வீடுகள் நின்றுபோயினும் குறைவது 6,000 ரூபாயே. எந்தப் பிள்ளையின் படிப்பும் நில்லாது. ஒரு சீமான் நின்றுபோயின் முழுத்தொகையும் போம். மேலும், அவ்வாயிரம் வீடுகளில் வளரும் பிள்ளைகளே நாளைய பெருங்கொடையாளர் என்பதை மறத்தலாகாது. சிறுகொடை வாங்கிப் பழகாத சங்கத்திற்குப் பெருங்கொடையாளரும் பிறவார்.

நம்மவரிடமே திரட்டி நம்மவர்க்கே செலவிடுதல் வேண்டும், பிறர்க்கு ஏன் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்கு விருதுநகர்ப் பள்ளியே விடை. சட்டமும் அவ்வழியே நிற்கின்றது. நன்கொடையாளர்க்கு வரிச்சலுகை வகுத்த 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம், குறிப்பிட்ட ஒரு சமயத்தார்க்கோ சாதியார்க்கோ மட்டும் என அமைந்த நிலையத்திற்கு ஈந்ததற்கு அச்சலுகையை அளிக்கவில்லை; பட்டியல் வகுப்பார், பிற்பட்டோர், பெண்டிர், சிறார் நலனுக்கு அமைந்தவற்றை இத்தடையினின்று விலக்கியது. வாயிலைக் குறுக்கினால் உட்புகும் பிள்ளைகள் மட்டும் குறைவரென்று எண்ணற்க; கொடையாளரும் குறைவர். நம் தெருவில் கடை வைத்திருக்கும் அயலார், நம் பிள்ளைகட்குப் பாடம் சொன்ன ஆசிரியர், நம்மோடு ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் அண்டை நிலத்தார் ஆகியோரும் கொடையாளராகத் தக்கவரே. அவர்கள் பிள்ளைக்கும் இடமுண்டு என்றால் அவர்கள் கையும் நீளும்.

செய்யத்தக்கன

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை சிலவே. முதலாவது, ஒவ்வோர் ஊர்க்கிளையும் தன் எல்லையில் இதுவரை ஒருமுறையும் அழைக்கப்படாத வீடுகளைக் கணக்கெடுத்தல் வேண்டும். வெளியூர் சென்ற இளைஞரும், தனித்து வாழும் முதியோரும், சம்பாதிக்கும் பெண்மக்களும் அக்கணக்கில் முதலிடம் பெறத்தக்கவர். இரண்டாவது, அழைப்பு நேரில் நிகழவேண்டும். அந்தந்த வீட்டாரை உறவு முறையால் அறிந்தவரே செல்லவேண்டும். மாதர் இருவர் உடன் செல்லுதல் நலம். மூன்றாவது, மொத்தமாக நிதி என்று கேளாமல், இன்ன வகுப்பில் இன்ன பிள்ளைகட்குப் புத்தகம், இன்ன விடுதிக்கு அரிசி என்று பொருளைச் சுட்டிக் கேட்டல் வேண்டும். பிள்ளையின் பெயரை மட்டும் ஊரறியக் கூறல் ஆகாது. உதவி பெறுதல் அவமானமாகி விடலாகாது.

நான்காவது, தொகை எதுவாயினும் அன்றே ரசீது தரவேண்டும். ஈந்தோர் அனைவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இப்பத்திரிகையில் வெளிவரவேண்டும். பெயர் வேண்டாம் என்பாரை அவ்வாறே விடுக. ஐந்தாவது, ஆண்டுக்கொரு முறை வரவு செலவுக் கணக்கைப் பொதுமன்றில் வாசித்து, எவர் கேட்கும் கேள்விக்கும் விடை கூறுதல் வேண்டும். ஆறாவது, கொடாதவரை ஏசுதலும், சபையில் பெயர் கூறி நாணச் செய்தலும் அறவே ஒழிக. இவ்வாண்டு இல்லை என்றவர் வாசலை மறு ஆண்டும் புன்னகையோடு மிதித்தல் வேண்டும்.

கைப்பேசியின் வழியே நொடிப்பொழுதில் பணம் அனுப்பும் காலம் இது. கலயத்தில் அரிசி சேர்த்து வீடு வீடாகச் சுமந்த காலத்தார்க்கு இருந்த இடர் நமக்கில்லை. அவர்கட்கு இருந்து நமக்குக் குறைந்தது ஒன்றே: ஒவ்வொரு வீட்டையும் ஒரு கொடையாளர் வீடாகக் கருதும் எண்ணம். அவ்வெண்ணம் மீண்டும் வருமாயின், வரவுப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஒரே பெயர்களைக் காணும் நிலை மாறும்.

அன்பர்காள்! அடுத்த ஞாயிறன்று, இதுவரை நம் சங்கத்தார் மிதியாத ஒரு வாசலுக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் செல்வாராக. அங்குள்ள அம்மையார் தருவது ஒரு பிடி அரிசியேயாயினும் இருகையேந்திப் பெற்று, அவர் பெயரை முறையாக எழுதிக்கொண்டு வருவாராக. ஒரு பிள்ளையின் படிப்பு அப்பிடியிலே நிற்கின்றது.